பொழுது போனால் சாப்பிடாத ஆள்

குணமதி டீச்சர் அந்த ஆளை நம்பியதற்கு ஒரே ஒரு காரணம்தான். பொழுது போனபிறகு அவன் சாப்பிடவில்லை.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவள் வீட்டில் பிறந்திருந்தால் வராது. வீடூரில் நயினார் குடும்பம் அவளுடையது. செஞ்சிப் பக்கத்திலும் திண்டிவனம் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாக நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைத்து வாழ்கிற தமிழ்ச் சமணர்கள். சூரியன் இறங்குவதற்குள் அந்த வீடுகளில் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். விளக்கைத் தேடி வருகிற பூச்சி எதுவும் தெரியாமல் சோற்றில் விழுந்து செத்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். காய்ச்சலில் கிடந்தபோதுகூட குணமதி அதை மீறியதில்லை. கல்யாணத்தன்று சடங்கெல்லாம் இழுத்துக்கொண்டே போய் இருட்டிவிட்டது; மணப்பெண் பட்டினியாகவே படுத்தாள் என்று அவள் கணவர் ஜீவகன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஜீவகனுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி. குணமதி அதே ஊரில் பெண்களுக்கான தையல் பயிற்சி மையத்தில் டீச்சர். எட்டு மிஷின், இருபத்திரண்டு பெண்கள். கோபக்காரி. தையல் ஒரு நூல் கோணினாலும் பிரித்துப்போட்டு மறுபடி தைக்கச் சொல்வாள். அந்த இருபத்திரண்டு பேரில் அவள் ஒருத்தியைத்தான் ஒருநாளும் திட்டியதில்லை. கிளியனூர் முனியம்மாளின் மகள் கிருஷ்ணவேணி. பத்தொன்பது வயது. அவள் பொத்தான் துளைக்குக் கையால் போடுகிற காஜாவைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தெரியாது. டீச்சருக்கு அவளைப் பற்றி அவ்வளவு பெருமை.

1983 பொங்கல் முடிந்த வாரம் அந்த ஆள் மையத்துக்கு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. பெயர் ஸ்ரீசந்திரன் என்றான். பூர்வீகம் வந்தவாசிப் பக்கம், தாத்தா காலத்திலேயே பம்பாய் போய்விட்டோம், நாங்களும் நயினார்தான் என்றான். பம்பாயில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனிக்குத் தையல் தெரிந்த பெண்கள் வேண்டும், ஆஸ்டல் உண்டு, வாரம் ஒருநாள் லீவு என்று சொன்னான். நம்ம ஆள் என்றதும் குணமதி அவனை வீட்டுக்கு அழைத்துப் போனாள். பேசிக்கொண்டிருந்ததில் ஆறரை ஆகிவிட்டது. வேறு ஜாதி விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு பக்கத்து ஓட்டலில் இருந்து டிபன் வாங்கி வந்துவிட்டார் ஜீவகன்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சுக்குங்க. பொழுது போயிடுச்சே. தண்ணிகூட வேணாங்க."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளே மெட்ராஸுக்குப் படிக்கப் போனால் இந்த வழக்கத்தை விட்டுவிடுகிறார்கள், பம்பாயில் பிறந்தவன் விடவில்லையே என்று ஜீவகன் நெகிழ்ந்துபோனார். அந்த ஆளைப் பற்றி அதற்குமேல் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை.

முனியம்மாள் முதலில் மறுத்தாள். புருஷன் இல்லாதவள், ஒரே பெண், கூலி வேலைக்குப் போய் வளர்த்தவள். அப்போதே விட்டிருக்கலாம். டீச்சருக்குத்தான் தன் பேச்சு எடுபடவில்லை என்றால் தூக்கம் வராதே. பஸ் ஏறிக் கிளியனூருக்கே போனாள். களத்தில் மல்லாட்டை உருவிக்கொண்டிருந்தாள் முனியம்மாள்.

"பம்பாய் எங்க கீது, நான் எங்க கீறேன்? பொம்பளைப் புள்ளைய எப்படி டீச்சரம்மா தனியா அனுப்பறது?"

"தனியா இல்ல முனியம்மா. பண்ருட்டிப் பக்கத்துலேர்ந்து இன்னும் ரெண்டு பொண்ணுங்க வர்றாங்களாம். அந்த மனுஷன் எங்க ஆளுங்க. பொழுது போனா தண்ணிகூட குடிக்கமாட்டாரு. அப்படிப்பட்டவரு தப்பு பண்ணுவாரா? நான் சொல்றேன், அனுப்பு."

முனியம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "உங்க வார்த்தைக்காவ அனுப்பறேன். எனக்கு அந்தாளத் தெரியாது. உங்களத்தான் தெரியும்."

அடுத்த வியாழக்கிழமை கிருஷ்ணவேணியை விழுப்புரம் ஜங்ஷன் வரைக்கும் குணமதியே கொண்டுபோய்விட்டாள். மெட்ராஸ் வழியாகப் போகாமல் காட்பாடி பாசஞ்சரில் போய், அங்கிருந்து பம்பாய் ரயில் பிடிக்கலாம் என்றான் அவன். நெரிசல் இருக்காதாம். பண்ருட்டிப் பெண்கள் இருவரும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டி புறப்பட ஆறேகால். பிளாட்பாரத்தில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அவன் மூன்று இட்லிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, குழாய்ப் பக்கம் போய்வந்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்தான்.

கிருஷ்ணவேணி பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு கூச்சத்தோடு கேட்டாள். "அவருக்கு டீச்சர்?"

"அவரு சாப்பிடமாட்டாரு. நீ சாப்பிடு" என்றாள் குணமதி.

வண்டி கிளம்பியது. ஜன்னல் கம்பி வழியாக அந்தப் பெண் கையை ஆட்டினாள். மறுகையில் பொட்டலம் பிரித்தபடி இருந்தது.

ஒரு மாதம் ஒரு தகவலும் இல்லை. மாசி கடைசியில் ஒரு கடிதம் வந்தது. முனியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தோடு ஒரு படி மல்லாட்டையையும் முந்தானையில் கட்டிக்கொண்டு மையத்துக்கு வந்துவிட்டாள். குணமதி மிஷினை நிறுத்திவிட்டு உரக்கப் படித்தாள். நான் நலம், வேலை நலம், சாப்பாடு நலம், கவலைப்பட வேண்டாம். இரண்டாவது வரியிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அது கிருஷ்ணவேணியின் கையெழுத்து அல்ல. எட்டு மாதம் அந்தப் பெண்ணின் அளவு நோட்டைத் திருத்தியவள் குணமதி, அவளுக்குத் தெரியாதா?

ஆனாலும் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படித்தாள். "நல்லா இருக்கா முனியம்மா" என்று தன் வாயால் வேறு சொன்னாள்.

இதற்கு அவள் பக்கம் நின்று பேச எனக்கு மனம் வரவில்லை. பயந்துவிட்டாள். தன் பெயர் என்ன ஆகும், மையம் என்ன ஆகும், ஒருவேளை கூட இருக்கும் பெண் யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று ஐம்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த ஐம்பது நாளில் என்னென்ன நடந்திருக்கும் என்பதைப் பிறகு காலமெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவளும் அவளேதான்.

இரண்டாவது கடிதமும் அதே அந்நியக் கையெழுத்தில் வந்தது. அதில் இருந்த கம்பெனி விலாசத்துக்கு ஜீவகனுக்குத் தெரிந்த பம்பாய் வியாபாரி ஒருவர் போய்ப் பார்த்தார். அப்படி ஒரு கம்பெனி இல்லை என்று தந்தி கொடுத்தார். தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு குணமதி கிளியனூருக்குப் பஸ் ஏறினாள். எல்லாவற்றையும் சொன்னாள். முதல் கடிதத்தைப் பற்றியும் சொன்னாள்.

முனியம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சேதான் படிச்சீங்களா?"

"ஆமா."

"அவன் சாப்பிடாதத உக்காந்து பாத்தீங்க. எம் பொண்ண இன்னா பண்ணப் போறான்னு பாக்கலியே." அவள் குரல் உடைந்தது. "போலீஸுக்குப் போவீங்களோ, கோர்ட்டுக்குப் போவீங்களோ, எனக்குத் தெரியாது. எம் பொண்ண இட்டுக்கினு வந்து உடுங்க. எங்கிட்ட சொல்லி அனுப்புன வாய் உங்க வாய்தான்."

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை முனியம்மாள் மையத்துக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள். வாசலில் நின்று, "சேதி இருக்கா?" என்று கேட்பாள். இல்லை என்று குணமதி தலையாட்டினால் திரும்பிப் போய்விடுவாள். உள்ளே பெண்களெல்லாம் மிஷினை மிதிக்காமல் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்று வருஷம் அப்படி வந்தாள்.

போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். போட்டோ கேட்டார்கள். கிருஷ்ணவேணியைத் தனியாக யாரும் ஒரு படம்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. மையத்தில் சர்டிபிகேட் கொடுத்த அன்று எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்தில் இரண்டாவது வரிசையில் நின்றிருந்தாள். அந்த முகத்தை மட்டும் ஸ்டுடியோவில் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கியதில் புள்ளி புள்ளியாகிப்போனது. அந்த ஆளின் படமோ எங்குமே இல்லை. அவன் முகம் குணமதியின் கண்ணுக்குள்தான் இருந்தது. அதனால் அந்தக் கண்ணைக் கொண்டுபோய் விழுப்புரத்தில் வைப்பது என்று அவள் முடிவு பண்ணினாள்.

"பைத்தியமா உனக்கு? ஒரு தடவை வந்தவன் அதே ஸ்டேஷனுக்கு மறுபடி வருவானா?" என்றார் ஜீவகன். "நமக்கு எதுக்கு இந்த பேஜாரு? போலீஸ் பாத்துக்கும்."

"போலீஸுக்கு அவன் மூஞ்சி தெரியாதுங்க. எனக்குத்தான் தெரியும்."

திங்கள், வியாழன் இரண்டு நாளும் மையம் மூடியதும் பஸ் ஏறிவிடுவாள். கையில் போட்டோவும் ஒரு சம்புடத்தில் தயிர்சாதமும். ஐந்தரைக்குள் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, காட்பாடி வண்டியில் ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். வண்டி போனபிறகு திண்டிவனம் திரும்புவாள். சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். வீட்டு வேலையை விட்டுவிட்டு ரயிலுக்குக் கொடி காட்டப் போகிறாளாம் என்றாள் நாத்தனார். நாலைந்து மாதம் முணுமுணுத்த ஜீவகன், ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் பையை எடுக்குமுன் சம்புடத்தைத் தானே கட்டி வைத்திருந்தார்.

அங்கே மூட்டை தூக்குகிற தாண்டவராயன்தான் அவளிடம் முதலில் பேச்சுக் கொடுத்தவர். ஐம்பது வயது, சிவப்புச் சட்டை, கையில் பித்தளை வில்லை.

"எந்த வண்டியிலயும் ஏறமாட்டேங்கறீங்க, யாரையும் ஏத்தி உடவும் மாட்டேங்கறீங்க. இன்னா டீச்சரம்மா சமாச்சாரம்?"

அவள் போட்டோவைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பொண்ணத் தெரியல. ஆனா ஒண்ணு சொல்றேன். மாசத்துக்கு ஒருதரம், ரெண்டுதரம் எவனாவது ரெண்டு மூணு பொண்ணுங்கள இட்டுக்கினு இந்த வண்டியில போறான். மூட்டை இருக்காது. போற பொண்ணு எதுவும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

அடுத்த வருஷம் ஆடியில் அதே தாண்டவராயன் ஒரு பெண்ணைப் பெஞ்சுக்கு அழைத்து வந்தார். வளவனூர் அஞ்சம்மாள். இருபத்தைந்து வயது, புருஷன் விட்டுப் போனவள். பம்பாயில் வீட்டு வேலை என்று சொன்ன ஒருவனோடு இதே வண்டியில் ஏறி, காட்பாடியில் ஓடித் தப்பித்து வந்திருந்தாள். வந்தவளை ஊரில் யாரும் வீட்டுப் படி ஏறவிடவில்லை. ஓடிப்போனவள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாக ஸ்டேஷன் குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படித் தப்பிச்சே?" என்று குணமதி கேட்டாள்.

"பல்வலிங்க. கன்னம் வீங்கிக் கெடந்துச்சு. அந்தாளு இட்லி வாங்கிக் குடுத்தான். என்னால மெல்ல முடியல, ஜன்னலாண்ட வெச்சுட்டேன். எதிர்ல ஒரு பொண்ணு தின்னுச்சுங்க. திருவண்ணாமலை வர்றதுக்குள்ள கட்டையாட்டம் சாஞ்சிருச்சு. எழுப்பறேன், எழுப்பறேன், கண்ணே தொறக்கல. அப்பதாங்க எனக்குத் திக்குனு ஆச்சு. காட்பாடியில வண்டி நின்னதும் குதிச்சு ஓடியாந்துட்டேன்."

"அந்த ஆளு?"

"அவன் தின்னலைங்க. வெளக்கு வெச்சா சாப்பிடமாட்டானாம். ஏதோ வெரதமாம்."

குணமதி பெஞ்சின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன் அம்மா கற்றுக்கொடுத்தது, தான் நாற்பது வருஷமாக ஒருநாளும் மீறாதது, ஒரு பூச்சிகூடச் சாகக் கூடாது என்று ஏற்பட்டது. அதை எடுத்து அவன் மயக்க மருந்து கலந்த இட்லிக்கு மூடியாகப் போட்டிருக்கிறான். இந்த இடத்தில், இதே பிளாட்பாரத்தில், அவரு சாப்பிடமாட்டாரு நீ சாப்பிடு என்று சொன்னது யார்? அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். ஜீவகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அஞ்சம்மாளைத் திண்டிவனத்துக்கு அழைத்துப்போய் மையத்திலேயே தங்க வைத்தாள். அதற்குப் பிறகு அப்படி வந்தவர்கள் நாலைந்து பேர். ஊரால் தள்ளப்பட்டவர்களை டீச்சரிடம் கொண்டுபோய் விடலாம் என்று பேச்சு பரவியிருந்தது. எல்லோருக்கும் மிஷின் கற்றுக்கொடுத்தாள், கோணினால் திட்டினாள், புகார் கொடுக்க யாராவது துணிந்தால் கூடவே போனாள். ஆனால் ஊரார் அவளைப் புகழ்ந்து ஏதாவது சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவாள். வாசலில் வந்து நிற்கிற முனியம்மாளுக்குச் சொல்லப் பதில் இல்லாதவளுக்குப் பாராட்டு எப்படிச் சகிக்கும்?

1985 மே மாதம், ஒரு திங்கட்கிழமை. நல்ல வெயில் காலம். பஸ் வழியில் பழுதாகி நின்றதில் குணமதி ஸ்டேஷனுக்கு வந்து சேரவே ஆறு மணி ஆகிவிட்டது. சம்புடத்தைத் திறந்து ஒரு கவளம் எடுத்தாள். அதற்குள் தாண்டவராயன் வேகமாக வந்து குனிந்தார்.

"அவசரப்பட்டுத் திரும்பாதீங்க. குழாயாண்ட ஒருத்தன் கீறான். ரெண்டு பொண்ணுங்க பெட்டிக்குள்ள உக்காந்துக்கினு கீது. நீங்க சொன்ன அடையாளம்தான். மீசை மட்டும் புதுசு."

அவள் மெதுவாகத் திரும்பினாள். முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். அவனேதான்.

வண்டி கிளம்பக் கால் மணி நேரம்தான் இருக்கிறது. போலீஸைக் கூட்டி வந்தால் இந்தப் பெண்களே, நாங்களாகத்தான் வேலைக்குப் போகிறோம் என்று சொல்லுவார்கள். கிருஷ்ணவேணியும் அன்றைக்கு அப்படித்தான் சொல்லியிருப்பாள். கூச்சல் போட்டால் அடுத்த பக்கம் குதித்துப் போய்விடுவான். போய்விட்டால் கிருஷ்ணவேணி எங்கே இருக்கிறாள் என்று சொல்ல உலகத்தில் வேறு ஆள் இல்லை.

"அண்ணா, ரெண்டு பக்கமும் ஆள நிறுத்துங்க. ரயில்வே போலீஸுக்கும் சொல்லி அனுப்புங்க" என்று தாண்டவராயனிடம் சொல்லிவிட்டு எழுந்து பெட்டியில் ஏறினாள்.

அவன் பொட்டலங்களைப் பெண்களிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிர் சீட்டில் குணமதி இருந்தாள். ஒரு கணம் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு சிரித்தான். அந்தத் துணிச்சலை என்ன சொல்ல!

"டீச்சரம்மா! சௌக்கியமா? கிருஷ்ணவேணி உங்களைப் பத்தி சொல்லாத நாளே இல்ல. இப்ப அவங்க சூபர்வைசர்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்." குணமதியும் சிரித்தாள். எப்படிச் சிரிப்பு வந்தது என்று அவளுக்கே பிறகு புரியவில்லை. "நீங்க சாப்பிடலையா?"

"உங்களுக்குத் தெரியாததா? விளக்கு வெச்சாச்சே." தலைக்கு மேலே எரிந்த டியூப்லைட்டைக் காட்டினான்.

குணமதி ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தாள். தண்டவாளங்களுக்கு அப்பால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சூரியன் முழுசாக நின்றிருந்தது.

ஸ்டேஷன் விளக்கைப் பார்த்து விரதம் இருக்கிற நயினார் எவனும் பிறக்கவில்லை. தை மாதத்துக்கும் சித்திரை மாதத்துக்கும் பொழுது எத்தனை நிமிஷம் தள்ளிப் போகும் என்று அந்த வீடுகளில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அவன் வழக்கத்தைப் பார்த்துப் படித்தவன். சூரியனைப் பார்க்கப் படிக்கவில்லை.

"பொழுது போக இன்னும் இருபது நிமிஷம் இருக்கே" என்றாள். "சூரியன் அதோ நிக்குது பாருங்க. நானும் இன்னும் சாப்பிடல. வாங்க, சேந்தே சாப்பிடலாம்." பக்கத்துப் பெண்ணின் மடியில் இருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஓர் இட்லியை விண்டு அவன் முன்னால் நீட்டினாள்.

"வேணாங்க, வயிறு சரியில்ல."

"ஒரு வாய்."

"வேணாம்னு சொல்றேனே."

"நயினார் வீட்டுப் பொம்பளை கையால குடுக்கறேன். பொழுது இருக்கும்போது மாட்டேன்னு சொல்லக் கூடாது. ஒரே ஒரு வாய்." அவள் குரல் உயர்ந்துவிட்டது. ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே சிவப்புச் சட்டைகள் தெரிந்தன.

பெண்களில் சின்னவள் கள்ளம் தெரியாமல் சொன்னாள். "அண்ணே, அவங்க ஆசையா குடுக்கறாங்க. துன்னுங்களேன்."

அவன் குணமதியின் கையைத் தட்டிவிட்டான். இட்லி தரையில் விழுந்தது. அடுத்த பெண் வைத்திருந்த பொட்டலத்தையும் பறிக்கப் பாய்ந்தான். குணமதி அதை முந்தி எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். அவன் முதுகிலும் தலையிலும் குத்தினான். வளையல் உடைந்து மணிக்கட்டில் இரத்தம் வந்தது. அவள் விடவில்லை. மறுபக்கக் கதவு வழியாக அவன் குதித்தபோது கீழே தாண்டவராயனும் இன்னும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள்.

அவன் பையில் மாத்திரை அட்டைகள் இருந்தன. அவள் மார்போடு பிடித்திருந்த பொட்டலத்துச் சட்னியிலும் அதுதான் கலந்திருந்தது என்று பரிசோதனையில் பிறகு தெரிந்தது. ரயில்வே போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. கவளம் எடுத்த சம்புடம் பெஞ்சிலேயே திறந்தபடி கிடந்தது. அன்று பட்டினிதான்.

அவனுக்கு வேறு ஊர்களில் வேறு பெயர்கள் இருந்தன. நயினாரும் அல்ல, வந்தவாசியும் அல்ல. எங்கேயோ ஒரு சமண வியாபாரியிடம் கொஞ்சகாலம் வேலை பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். அவன் சொன்ன பம்பாய் விலாசங்கள் ஒவ்வொன்றாகப் பொய்யாகி, கடைசியில் ஒன்று உண்மையாவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. அங்கே தையல் மிஷின் எதுவும் இல்லை. கம்பி போட்ட ஜன்னல்களும், வந்து போகிற ஆண்களும், வெளியே பூட்டிய கதவும்தான் இருந்தன. புள்ளி புள்ளியான அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு தேடியவர்கள் கிருஷ்ணவேணியை அங்கிருந்து மீட்டார்கள்.

1986 பிப்ரவரியில் ஒரு பெண் போலீஸ் துணையோடு காட்பாடி வழியாக அவளை அனுப்பினார்கள். விழுப்புரத்துக்கு வண்டி வந்து சேர ஏழு மணி. குணமதியும் முனியம்மாளும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, உட்கார்ந்திருந்தார்கள்.

கிருஷ்ணவேணி இறங்கினாள். இருபத்திரண்டு வயதுக்கு முப்பத்தைந்து சொல்லலாம். முனியம்மாள் கட்டிக்கொண்டு அழுதபோது அவள் அழவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாகக் கடைகளையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட வந்த பெண் போலீஸ் சொன்னார். "ரெண்டு நாளா சரியா சாப்பிடலைங்க. நான் வாங்கிக் குடுத்தா, நான் பாதி தின்ன பிறகுதான் மீதிய வாங்கறா."

குணமதி ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தாள். மூன்று பொட்டலம். வாங்கி முடித்தபிறகுதான் தான் எதை வாங்கியிருக்கிறோம், எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது உறைத்தது. ஆனாலும் நீட்டினாள். முனியம்மாள் ஒன்றைப் பிரித்துத் தான் ஒரு வாய் போட்டுக்கொண்டு மகளுக்கு ஊட்டப் போனாள். கிருஷ்ணவேணி வாயைத் திறக்கவில்லை. வாங்கி வந்த கையையே பார்த்தாள்.

"டீச்சர் சாப்பிடட்டும்."

குணமதி அப்படியே நின்றாள். மேற்கே சூரியன் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. டியூப்லைட்டைச் சுற்றிப் பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன.

மூன்று வருஷமாக அவளை மன்னிக்காத முனியம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க பொழுது போனா சாப்பிடமாட்டாங்கடி. அவங்க நெசமாவே சாப்பிடமாட்டாங்க. அம்மா துன்றேன் பாரு, போதாதா?"

"அவனும் அப்படித்தான் சொன்னான்" என்றாள் கிருஷ்ணவேணி. குரலில் கோபம்கூட இல்லை. "நீங்களும் சொன்னீங்க டீச்சர். அவரு சாப்பிடமாட்டாரு, நீ சாப்பிடுன்னு."

குணமதி பெஞ்சில் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். பிறகு ஓர் இட்லியை விண்டு வாயில் போட்டாள். நாற்பத்து மூன்று வயதில் முதன்முதலாக இருட்டிய பிறகு அவள் விழுங்கிய உணவு அது. ஒரு வாயோடு நிறுத்தவில்லை. நாலு இட்லியையும், சட்னியை வழித்து, இலை காலியாகும்வரை தின்றாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

முனியம்மாள் நடுவில் இருந்த இடத்தை விட்டு நகர்ந்து அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

கிருஷ்ணவேணி அப்போதும் சாப்பிடவில்லை. தன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு டீச்சரின் கண்களையே பார்த்தபடி இருந்தாள். என்ன பார்க்கிறாள் என்று குணமதிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்களை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டாள். தான் தூங்கிச் சாய்கிறோமா என்றுதான் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் கடிகாரத்தில் இருபது நிமிஷம் போயிற்று. கிருஷ்ணவேணி பொட்டலத்தின் நூலை அவிழ்த்தாள்.